பவானிபூர் வீடுகளில் எஞ்சியிருக்கும் கிராமபோன் அலமாரிகள்: அசலைக் கண்டறிவது எப்படி?

கொல்கத்தா: தெற்கு கொல்கத்தாவின் பவானிபூரில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன. அப்போது கட்டில், பீரோக்களுடன் இடுப்பளவு உயரமுள்ள மர அலமாரி ஒன்றும் வெளியேறுவது உண்டு. மூடியைத் திறந்து பார்க்காதவருக்கு அது வெறும் மரச்சாமான். திறந்தால் சுழல்தட்டும், வளைந்த உலோகக் கையும் தெரியும். அது ஒலிக்கூம்பை உள்ளே மறைத்து வைத்த கிராமபோன். மரத்துக்கு மட்டும் விலை பேசப்பட்டு, உள்ளிருக்கும் இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்விடும் ஆபத்து இதற்கு எப்போதும் உண்டு.

இவ்வகைக் கருவிகள் கொல்கத்தாவில் காணப்படுவதில் வியப்பில்லை. இந்திய இசைத்தட்டு வரலாறு தொடங்கிய நகரம் இது. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் இங்குதான் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹனோவரில் அச்சிடப்பட்டு வந்த தட்டுகளை, 1908 முதல் சியால்தாவில் அமைந்த கிராமபோன் நிறுவன ஆலை தயாரிக்கத் தொடங்கியது. தட்டுக்கு வேண்டிய அரக்கும் இந்தியாவிலேயே விளைந்தது.

பித்தளைக் கூம்பு துருத்திக்கொண்டு நின்ற இயந்திரம் வரவேற்பறையின் அழகைக் கெடுப்பதாகப் பலர் கருதினர். அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் 1906-இல் கூம்பைக் கீழ்நோக்கித் திருப்பி அலமாரிக்குள் அடக்கி, 'விக்ட்ரோலா' என்று பெயரிட்டது. முன்பக்கச் சிறு கதவுகளைத் திறந்தால் ஒலி கூடும், சாத்தினால் குறையும். அதன் கீழே தட்டுகளை அடுக்க இடம் இருக்கும். மின்சாரம் தேவையில்லை, கைப்பிடியால் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் சுழற்றும்.

மூடியின் உட்புறமே முதல் சாட்சி

அசலை அடையாளம் காண விரும்புவோர் மரத்தின் பளபளப்பில் மயங்காமல் மூடியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். நிறுவனப் பெயரும் சின்னமும் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கும். சுழல்தட்டின் அருகே உள்ள உலோகப் பட்டையில் மாதிரி எண்ணும் வரிசை எண்ணும் இருந்தால் தயாரிப்புக் காலத்தை நெருக்கமாகக் கணிக்கலாம். அடுத்தது ஊசியைத் தாங்கும் சவுண்ட் பாக்ஸ். 'எக்ஸிபிஷன்' என்ற பெயர் பொறித்து, மைக்கா தகட்டுடன் இருந்தால் அது முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது. அலுமினியத் தகடு இருந்தால் பெரும்பாலும் 1925-இல் மின்முறை ஒலிப்பதிவு வந்த பிறகு தயாரானது. அலமாரி ஒரு காலத்தையும் சவுண்ட் பாக்ஸ் வேறு காலத்தையும் காட்டினால், பாகங்கள் மாற்றப்பட்டுள்ளன என்று பொருள்.

சந்தையில் உலவும் போலிகளில் பெரும்பாலானவை அலமாரி வகை அல்ல. மின்னும் பித்தளைக் கூம்பும் புத்தம்புதிய நாய்ச் சின்னமும் கொண்ட சிறு பெட்டிகளே. பழைய சூட்கேஸ் வகைக் கருவிகளின் மோட்டாரைப் பிரித்து இவற்றில் பொருத்துகின்றனர். அலமாரியைப் போலியாகச் செய்ய மரவேலைக்கே பெரும் செலவாகும் என்பதால், அந்த வகையில் முழுப் போலி அரிது.

எல்லாத் தட்டுக்கும் ஒரே ஊசி அல்ல

கொல்கத்தாவில் தட்டுகளுடன் அலமாரி கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. ஹேமேந்திர மோகன் போஸ் என்ற வங்காளத் தொழிலதிபர் முதலில் மெழுகு உருளைகளில் பதிவு செய்து விற்றார். இரவீந்திரநாத் தாகூரின் குரலும் அவற்றுள் அடங்கும். பின்னர் பிரான்சின் பாத்தே நிறுவனத்துடன் இணைந்து தட்டுகளை வெளியிட்டார். பாத்தே தட்டின் பள்ளம் மேலும் கீழுமாக வெட்டப்பட்டது. உருண்டை முனையுள்ள நீலக்கல் கொண்டே அதை ஒலிக்கச் செய்ய வேண்டும். இரும்பு ஊசியை வைத்தால் பதிவு அழியும். ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள எடிசனின் வைரமுனைத் தட்டுகளுக்கும் இது பொருந்தும். சவுண்ட் பாக்ஸ் தட்டின் மீது செங்குத்தாக நின்றால் கருவி சாதாரண கிராமபோன் தட்டுக்கானது. தட்டை நோக்கிப் படுத்திருந்தால் மேற்சொன்ன இரண்டில் ஒன்று. சாதாரண தட்டிலும் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதே பழைய விதி. செலவு மிச்சம் என்று அதே ஊசியை மீண்டும் வைப்பவர், ஊசியை விட விலையுள்ள தட்டை இழக்கிறார்.

ஸ்பிரிங் இருக்கும் உருளையை அனுபவமில்லாதவர் திறக்கக் கூடாது. இறுக்கம் விடுபட்டால் கையைக் கிழித்துவிடும். பழைய மெருகைச் சுரண்டிப் புது வார்னிஷ் பூசுவதும் சேகரிப்பாளரிடையே மதிப்பைக் குறைக்கும். கொல்கத்தாவின் ஈரக்காற்றில் மேலொட்டு மரத்தகடு பெயர்ந்திருந்தாலும், பெயர்ந்த துண்டுகளைப் பத்திரப்படுத்துவது நல்லது.

காலக் கணிப்புக்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம், குறைந்தது 100 ஆண்டுகள் பழமையான கைவினை, அறிவியல் சார்ந்த பொருட்களையும் உள்ளடக்குகிறது. இத்தகைய தொல்பொருளைத் தனிநபர் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய அனுமதியில்லை. தொடக்ககால விக்ட்ரோலாக்கள் அந்த வயதைக் கடந்துவிட்டன. எனவே, ஏலத்தில் வாங்கிய அலமாரியை வெளிநாட்டு உறவினருக்கு அனுப்ப நினைப்பவர், அது தொல்பொருள் அல்ல என்ற சான்று கிடைக்குமா என்பதை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.