முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா கைக்கு வந்தால்...

விடுமுறையில் ஊர் திரும்பும் சபுராளிகளின் பெட்டியில் ஒரு காலத்தில் யாஷிகா கேமரா ஒன்றும் நாலைந்து ஃபிலிம் சுருள்களும் தவறாமல் இருக்கும். ஒரு சுருளுக்கு 36 படங்கள். பெருநாளைக்குப் பத்து, நிக்காஹ்வுக்கு இருபது, மீதம் பிள்ளைகளுக்கு என்று எண்ணி எண்ணி எடுத்தோம். இன்று அந்தக் கணக்கு இல்லை. செல்பேசியே ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறது. எனினும், கழுத்தில் தொங்கும் கனமான டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் மீது நம் இளைஞர்களுக்கும் மாணவியருக்கும் உள்ள ஆசை குறைந்தபாடில்லை.

புகைப்படம் எடுப்பது குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்த ஆய்வுக்குள் நாம் இங்கே புகவில்லை. எடுப்பதென்று முடிவு செய்துவிட்ட இல்லங்களுக்கு, எடுப்பதைத் திருத்தமாக எடுக்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

2022ஆம் ஆண்டில் துபையிலிருந்து வந்த என் மருமகன், அங்கே ஒருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கி வந்து, கல்லூரியில் பயிலும் என் இளைய மகளிடம் கொடுத்தார். இரண்டு வாரங்களில் என் காக்காவின் மகளுக்கு நிக்காஹ். ஆண்கள் பகுதிக்குக் கூலிக்கு ஒரு புகைப்படக்காரரை அமர்த்தியிருந்தோம். பெண்கள் பகுதிக்குள் அந்நிய ஆடவர் வருவதை வீட்டார் விரும்பவில்லை. அந்தப் பொறுப்பு என் மகளின் தலையில் விழுந்தது.

இரவு, குழல்விளக்கு வெளிச்சத்தில் அவள் முந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தாள். ஃபிளாஷ் அடித்தால் முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போவதைக் கண்டு அதை நிறுத்தினாள். ஐ.எஸ்.ஓ. எண்ணை 400க்கு மேல் ஏற்றினால் படத்தில் புள்ளிகள் தோன்றிக் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லையும் நம்பினாள். மறுநாள் கணினியில் பார்த்தபோது ஏறத்தாழ எல்லாப் படங்களும் அசைந்து, கலங்கி, ஒருவர் முகமும் தெளிவில்லாமல் இருந்தன. பேத்திக்கு மருதாணி இட்ட கையோடு சிரித்துக்கொண்டிருந்த என் உம்மாவின் முகமும் அப்படியே கலங்கியிருந்தது. மூன்று மாதங்களில் உம்மா வஃபாத்தாகிவிட்டார்கள். இன்று எங்களிடம் உம்மாவின் தெளிவான படம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். நிக்காஹ்வுக்கு மறுநாள் காலை, தாழ்வாரத்து ஜன்னலருகே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது மகள் தற்செயலாக எடுத்தது.

அதே கேமரா, அதே லென்ஸ், எடுத்தவரும் அதே பெண். ஒன்று மட்டும் தெளிந்து மற்றவை கலங்கியது ஏன்? இதை விளங்கிக்கொண்டால் இக்கருவியைப் பற்றித் தொடக்கத்தில் அறியவேண்டியதில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

கண்ணாடியும் துளையும்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் உள்ளே, லென்சுக்குப் பின்னால் சாய்வாக ஒரு சிறு கண்ணாடி இருக்கிறது. லென்ஸ் வழியே வரும் காட்சியை அது மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியவுடன் கண்ணாடி மேலெழும். ஷட்டர் என்னும் திரை திறந்து மூடும். அந்த நொடிப்பொழுதில் ஒளி உள்ளே சென்று சென்சாரின் மீது படியும். நாம் கேட்கும் 'டக்' ஓசை இவற்றின் ஓசையே.

உள்ளே செல்லும் ஒளியின் அளவை இரண்டு நிர்ணயிக்கின்றன. ஒன்று, லென்சுக்குள் இருக்கும் அப்பர்ச்சர் என்னும் துளையின் அகலம். மற்றொன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம். வந்த ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்பதை ஐ.எஸ்.ஓ. எண் தீர்மானிக்கிறது.

துளையைப் பற்றிச் சொல்லும்போது இப்னு அல்ஹைதம் அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. பஸராவில் ஏறத்தாழ கி.பி. 965இல் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அந்தப் பேரறிஞர், சூரிய கிரகணத்தின்போது சிறு துளை வழியே விழும் பிம்பம் பிறைபோல் தோன்றுவதையும், துளை பெரிதாகப் பெரிதாக அந்தப் பிறைவடிவம் மறைந்துபோவதையும் ஆராய்ந்து எழுதினார். சிறு துளையில் தெளிவு உண்டு, ஒளி குறைவு. பெருந்துளையில் ஒளி உண்டு, தெளிவு குறைவு. ஒளியியல் பற்றிய அவருடைய 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூல் எழுதப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆனதையும் 2015ஆம் ஆண்டின் சர்வதேச ஒளி ஆண்டில் உலகம் நினைவுகூர்ந்தது. இன்றைய கேமராவில் லென்ஸ் சேர்ந்து அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிட்டது, முழுவதும் தீர்க்கவில்லை. துளை அகலமானால் இன்றும் குறிப்பிட்ட ஒரு தூரத்தில் இருப்பதுதான் கூர்மையாக விழும்.

துளையின் அகலத்தை எஃப் என்னும் எண்ணால் குறிப்பார்கள். இதில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு: எண் சிறிதானால் துளை பெரிது. எஃப் 1.8 என்பது அகன்ற துளை, எஃப் 16 என்பது ஊசித்துளை.

இனி என் மகளின் படங்களுக்கு வருவோம். படத்துடன் கேமரா தானே குறித்து வைத்திருந்த விவரங்களைப் பார்த்தோம். எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் நேரம் ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு. அந்த நேரத்திற்குள் எடுப்பவரின் கையும் அசையும், சிரிப்பவரின் தலையும் அசையும். கேமராவின் மீது குற்றமில்லை. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றவிடாமல் கட்டிப்போட்டதால் அது ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்து ஒளியைச் சேர்த்தது. ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக்கியிருந்தால் நேரம் நான்கில் ஒன்றாகக் குறைந்து முப்பதில் ஒரு பங்கு விநாடி ஆகியிருக்கும். கூடவே எஃப் 1.8 வரை திறக்கும் லென்ஸ் இருந்திருந்தால் இன்னும் பத்து மடங்கு ஒளி கிடைத்து, முந்நூறில் ஒரு பங்கு விநாடியில் படம் முடிந்திருக்கும். யாருடைய சிரிப்பும் கலங்கியிருக்காது. சில புள்ளிகள் தெரிந்திருக்கும், தெரிந்தால் என்ன? புள்ளிகளைப் பிறகு கணினியில் ஓரளவு நீக்கலாம். அசைந்த முகத்தைத் திருத்துவது எளிதன்று.

நினைவில் வைக்க எளிய அளவு: அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்கு 125இல் ஒரு பங்கு விநாடி, ஓடும் பிள்ளைகளுக்கு 250இல் ஒரு பங்கோ அதனினும் குறைந்த நேரமோ. அது கிடைக்கும்வரை ஐ.எஸ்.ஓ.வை அஞ்சாமல் ஏற்றுங்கள்.

வாங்குவோர் கவனத்திற்கு

கேனானும் நிக்கானும் 2020க்குப் பின் புதிய டி.எஸ்.எல்.ஆர். மாதிரிகளை வெளியிடவில்லை. புதிதாக வருபவை கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்கள். "அப்படியானால் பழையதை வாங்கலாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாக வாங்கலாம். பலர் புதிய வகைக்கு மாறுவதால் நல்ல டி.எஸ்.எல்.ஆர்.கள் குறைந்த விலைக்குக் கைமாறுகின்றன. கற்பதற்கு அவையே போதும்.

மெகாபிக்சல் எண்ணைக் கண்டு மயங்கவேண்டாம். ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சிட இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். தொடக்கநிலைக் கேமராவான கேனான் 1500டியிலேயே 24 மெகாபிக்சல் இருக்கிறது. பழைய கேமராவை வாங்கும்போது கேட்கவேண்டிய எண் வேறு: ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது? தொடக்கநிலைக் கேமராக்களில் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தால் விலையைப் பேசிக் குறையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். லென்சின் பின்புறம் விளக்கைப் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் புதிதாக வாங்குவதானால் அதன் உத்தரவாதம் நம் நாட்டில் செல்லுமா என்று கேட்டறிந்து வாங்குங்கள்.

கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸ் பகலுக்குப் போதுமானது. கையில் மிச்சப்படும் பணத்தை விலையுயர்ந்த பையிலோ முக்காலியிலோ போடாமல், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றில் போடுங்கள். எல்லா நிறுவனங்களிலும் மலிவான லென்ஸ்களில் ஒன்று இது. ஓர் எச்சரிக்கை: நிக்கான் டி3500, டி5600 போன்றவற்றின் உடலில் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய 'டி' வகை லென்சை மாட்டினால் கையால்தான் திருகவேண்டும். 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

எஃப் 1.8 எல்லாவற்றுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். அகன்ற துளையில் ஒரு முகம் அழகாக வரும். இரண்டு வரிசையாகக் குடும்பத்தை நிறுத்தினால் முன்வரிசை தெளிந்து பின்வரிசை மங்கும். குடும்பப் படத்திற்கு எஃப் 5.6 அல்லது 8 வைத்து, நல்ல வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

தாழ்வாரத்து ஜன்னல்

முதல் பதினைந்து நாட்களுக்கு ஒரு பயிற்சி. மேலே உள்ள சுழல் குமிழைப் பச்சைக் கட்டத்திலிருந்து விலக்கி, கேனானில் 'ஏவி', நிக்கானில் 'ஏ' என்ற இடத்தில் வையுங்கள். துளையை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள்; நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா குறிபார்க்கும், முழுதும் அழுத்தினால் எடுக்கும். குறி கண்ணின் மீது இருக்கட்டும். வீட்டில் ஒருவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்த்திப் பத்திரிகை படிக்கச் சொல்லி, காலை, நண்பகல், மாலை என்று எடுத்துப் பாருங்கள். ஒளி பக்கத்திலிருந்து வரும்போது முகத்தின் சுருக்கமும் கண்ணின் ஒளியும் எப்படி எழுந்து நிற்கின்றன என்பது தெரியும். உம்மாவின் அந்த ஒற்றைப் படத்தின் இரகசியம் இதுதான். அங்கே வெளிச்சம் மிகுதி, ஆகவே நேரம் குறைவு, ஆகவே அசைவில்லை.

நம் வீடுகளில் மட்டும் அதிகம் நேரும் இன்னொரு குழப்பம் உண்டு. பெருநாள் தொழுகைக்கு ஈத்காவில் கூடியிருக்கும் வெள்ளை உடை வரிசைகளையோ, வெள்ளைத் துப்பட்டி அணிந்த பெண்களையோ எடுத்தால், படம் அழுக்கேறியதுபோல் சாம்பல் நிறமாக வரும். காரணம், எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி வெளிச்சத்தைக் கணக்கிடும்படி கேமரா அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளையைக் கண்டு 'வெளிச்சம் மிகுதி' என்று ஏமாந்து ஒளியைக் குறைத்துவிடுகிறது. கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தானை அழுத்திக் கூட்டல் ஒன்று வையுங்கள். வெள்ளை வெள்ளையாக வரும். கறுப்புப் புர்கா அணிந்தவர்களை எடுக்கும்போது நேர்மாறு: கழித்தல் ஒன்று.

ஈரக்காற்றும் நினைவட்டையும்

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் லென்சுக்குப் பெரும்பகை ஈரக்காற்று. தோல்பைக்குள் வைத்து அலமாரியில் மாதக்கணக்கில் பூட்டினால் கண்ணாடியின் உள்ளே பூஞ்சை நிச்சயம். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். பொட்டலங்களை அவ்வப்போது உலர்த்துங்கள். வாரம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துப் பயன்படுத்துவது அதனினும் நல்லது. கடற்கரை மணலில் நின்று லென்சைக் கழற்றாதீர்கள்.

கடைசியாக, எல்லாவற்றினும் முக்கியமானது. படத்தில் இருப்பவரின் மானம் எடுத்தவரின் கையில் அமானிதம். அட்டையிலிருந்து அழித்த படங்கள் அழிந்துவிட்டதாக எண்ணுவது பெரும் தவறு. சாதாரண மென்பொருள் கொண்டே அவற்றை மீட்டெடுக்க முடியும். ஆகவே கேமராவை விற்கும்போது நினைவட்டையைச் சேர்த்து விற்காதீர்கள். அச்சிடும் கடைக்கு அட்டையைக் கொடுக்காமல், தேவையான படங்களை மட்டும் வேறொரு பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். பெண்களின் படத்தை, அவர்கள் சொந்தச் சகோதரிகளே ஆனாலும், அவர்களிடம் கேட்காமல் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உறவினர் ஒருவர் மகிழ்ச்சியில் போட்ட படம் ஊர் முழுதும் சுற்றிவந்து, ஒரு குமரிப் பெண் பல நாட்கள் வெளியே தலைகாட்டாமல் இருந்ததை நான் அறிவேன். படங்களை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றை வேறு வீட்டில் வைத்திருங்கள். ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

என் மகள் இப்போது 50 மி.மீ. லென்ஸ் வைத்திருக்கிறாள். எங்கள் தெருவில் பெண்கள் பகுதிக்கு அவளைத்தான் அழைக்கிறார்கள். விருந்து முடிந்ததும், எடுத்த அட்டையை மணப்பெண்ணின் உம்மாவிடமே கொடுத்துவிட்டு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பிள்ளைகள் அவளிடம் கற்க வருகிறார்கள். காலை பத்து மணிக்குள் வந்துவிடவேண்டும் என்பது கட்டளை. அதற்குப் பிறகு தாழ்வாரத்து ஜன்னலில் வெயில் ஏறிவிடும்.