பிரிட்டிஷார் காண விழையும் அமெரிக்க நகரங்கள்

பிரிட்டிஷார் அமெரிக்காவுக்கு உல்லாசப் பிரயாணம் செல்வதில் என்ன விந்தை இருக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். மொழி ஒன்று, பழக்கவழக்கங்களும் பெரிதும் ஒத்தவை. வேறுபட்டதைக் காண்பதற்கன்றோ மக்கள் கடல் கடக்கிறார்கள்? ஆயினும், வாழ்நாளில் ஒருமுறையேனும் காண விரும்பும் ஊர்கள் எவை என்று ஒரு லண்டன்வாசியை வினவினால், நியூயார்க், சான்பிரான்சிஸ்கோ, நியூ ஆர்லியன்ஸ் போன்ற பெயர்கள் வருவது இயல்பு. அந்நகரங்கள் அவருக்குப் புதியவை என்பதன்று காரணம். ஏற்கெனவே பழகியவை என்பதே. அவற்றின் உருவமும் ஓசையும் அவருடைய நாட்டுக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டன. அவர் அங்கே போனது பின்னர்தான்.

வந்து சேர்ந்த காலமும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940 ஜனவரியில், பிரிட்டனில் தொடங்கிய உணவுப் பங்கீடு 1954 ஜூலை 4-ஆம் நாள்தான் முற்றிலும் நீங்கியது. அந்நாள் அமெரிக்கரின் சுதந்திர தினமாகவும் அமைந்தது தற்செயலே. வெண்ணெயையும் சர்க்கரையையும் அளந்து பெற்றுவந்த குடும்பங்கள் சினிமாக் கொட்டகையில் கண்டவை யாவை? ஆள் உயரக் குளிர்பதனப் பெட்டி, படகு போன்ற மோட்டார் கார், இரவையும் பகலாக்கும் கடைவீதி! போக விரும்பியவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. 1966 முதல் 1970 வரை, ஸ்டெர்லிங் நாணய வட்டத்துக்கு வெளியே செல்லும் உல்லாசப் பிரயாணி ஆண்டொன்றுக்கு 50 பவுனுக்கு மேல் செலவுக்கு எடுத்துச் செல்லலாகாது என்ற விதி இருந்தது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை நன்கு அறிந்த நம் நாட்டாருக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1977 செப்டம்பரில் பிரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 59 பவுன் கட்டணத்தில் விமானம் விட்டார். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். அவருடைய கம்பெனி 1982-இல் நொடித்துப் போயிற்று. எனினும் நடுத்தரக் குடும்பத்தாரும் அட்லாண்டிக்கைக் கடக்கலாம் என்ற நினைவு நிலைத்துவிட்டது.

நியூயார்க்கை முதலில் சொல்வதே முறை. லண்டனில் 80 அடிக்கு மேல் கட்டடம் எழுப்பலாகாது என்று, கூரைப் பகுதிக்கு மட்டும் விலக்களித்து, 1894-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்த உயர வரம்பு அங்கே அமலில் இருக்கையில்தான், 1931-இல், நியூயார்க்கில் 102 அடுக்குகளுடன் 1,250 அடி உயரத்துக்கு எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழுந்தது. தாழ்ந்த கூரைகளுக்கிடையே வளர்ந்தவர்களுக்கு அது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும்! இன்று லண்டனிலும் வானளாவிய கட்டடங்கள் உண்டு. ஆசை மட்டும் குறையவில்லை. ஊரிலிருந்து வரும் உறவினருக்கு மும்பையையோ டில்லியையோ சுற்றிக் காட்டும் நேயர்களுக்கு இது விளங்கும். படத்தில் கண்ட இடம் எது என்றுதானே அவர்கள் முதலில் கேட்கிறார்கள்?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க இயலாது. ஒரே மொழி என்கிறோம். ஆனால் பிரிட்டிஷார் ‘லிஃப்ட்’ என்பதை அமெரிக்கர் ‘எலிவேட்டர்’ என்பர். லண்டனில் முதல் மாடிக்குப் போகப் படியேற வேண்டும். நியூயார்க்கில் ‘முதல் மாடி’ எனப்படுவது தெருவை ஒட்டிய தரைத்தளமே!

லாஸ் ஏஞ்சல்ஸைக் காண வருவோர் ஹாலிவுட்டை நாடியே வருகின்றனர். அந்தக் கனவுத் தொழிற்சாலையில் பிரிட்டிஷாருக்கும் பங்குண்டு. லண்டனில் பிறந்த சார்லி சாப்ளினும், வட இங்கிலாந்தில் பிறந்த ஸ்டான் லாரலும் 1910-இல் ஒரே நாடகக் குழுவில் அமெரிக்கா சென்றவர்கள். நம்மவர் அனுப்பிய நகைச்சுவை நமக்கே திரும்பி வந்தது என்று பிரிட்டிஷார் பெருமை பேசலாம். ஆனால், நட்சத்திரங்களின் பெயர் பதித்த நடைபாதையைத் தவிர அவ்வீதியில் பார்ப்பதற்கு அதிகமில்லை என்பதே என் எண்ணம்.

சான்பிரான்சிஸ்கோவின் கதை வேறு. அங்கே கோடையிலும் மூடுபனி; லண்டன்வாசிக்கு அந்நியமாகத் தோன்றாது. செங்குத்தான தெருக்களில் ஊர்ந்து செல்லும் கம்பிவட வண்டியை 1873-இல் இயக்கிக் காட்டிய ஆண்ட்ரூ ஹாலிடி லண்டனில் பிறந்தவர். சுரங்கங்களில் பயன்பட்ட இரும்பு வடத்தை அவர் தெருவுக்கடியில் ஓடவிட்டார். வடம் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். வண்டியோட்டி அதைக் கவ்விப் பிடித்தால் வண்டி நகரும், விட்டுவிட்டுத் தடையைப் போட்டால் நிற்கும். இன்றும் இதே முறைதான்.

பாஸ்டனுக்குச் செல்லும் பிரிட்டிஷார் தம் தோல்வியின் சரித்திரத்தைக் காணச் செல்கின்றனர் எனலாம். வீதியில் பதித்த சிவப்புக் கோட்டைப் பின்பற்றி இரண்டரை மைல் நடந்தால் சுதந்திரப் போரின் நினைவிடங்கள் வரிசையாக வரும். 1773 டிசம்பர் 16-ஆம் நாளிரவு இந்நகரத்தார் துறைமுகத்தில் கொட்டிய 342 பெட்டித் தேயிலை, சென்னைக் கோட்டையிலிருந்து ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. 1687 முதல் 1692 வரை அக்கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேல் பிறந்த ஊரும் பாஸ்டனே.

குழந்தைகளுடன் செல்வோர் ஆர்லாண்டோவுக்குப் போகின்றனர். 1971-இல் திறக்கப்பட்ட டிஸ்னி உலகமும் புளோரிடாவின் வெயிலும் போதுமான காரணங்கள். லாஸ் வேகாஸுக்குச் செல்வோர் எதற்குச் செல்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

நியூ ஆர்லியன்ஸுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள உறவு நெடியது, கொடியதும் ஆகும். 18-ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் துறைமுகம் அடிமை வாணிகத்தால் கொழித்தது. 1807-இல் பிரிட்டன் அவ்வாணிகத்தைத் தடை செய்த பின்னரும், அடிமைகள் விளைவித்த பருத்தி நியூ ஆர்லியன்ஸிலிருந்து லிவர்பூலுக்கு வந்து லங்காஷயர் ஆலைகளை ஓட்டியது. 1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு அப்பருத்தி நின்றபோது, ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாய் வணிகர் சிலர் திடீர்ச் செல்வரானதும், 1865-இல் போர் முடிந்ததும் அச்செல்வம் கரைந்ததும் தெரிந்த சரித்திரம்.

பருத்தி வந்த அதே கடல்வழியில் பின்னர் இசை வந்தது. நியூ ஆர்லியன்ஸில் காங்கோ சதுக்கம் என்ற திடலில் அடிமைகள் ஞாயிறுதோறும் கூடி ஆடிப் பாடுவர். அம்மரபுகளும் சேர்ந்து உருவான ஜாஸ் இசையை அவ்வூரில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் 1932-இல் லண்டனில் வாசித்தார். 1950-களில் லிவர்பூல் கப்பல் தொழிலாளர் அமெரிக்க இசைத்தட்டுகளை வாங்கி வந்தனர். அவ்விசையைக் கேட்டு வளர்ந்தவர்களே பீட்டில்ஸ் குழுவினர். 1964-இல் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்கார வைக்கும் அரங்கில் பாட மாட்டோம் என்று அறிவித்தனர். அதே மாதம் நியூ ஆர்லியன்ஸில், தாம் போற்றிய ஃபாட்ஸ் டோமினோவை நேரில் சந்தித்தனர். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், தங்களைக் கவர்ந்த இசைத்தட்டுகள் பதிவான இடத்திலேயே பதிவு செய்ய வேண்டுமென்று சிக்காகோவின் செஸ் நிலையத்தைத் தேடிச் சென்றனர். இன்று அவ்வூர்களுக்குப் போகும் இசைப்பிரியர் அவர்கள் வழியில் செல்பவரே.

மெம்பிஸ் நகரத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி பிரிட்டனில் ஒருமுறைகூடப் பாடியதில்லை. 1960-இல் ராணுவ சேவை முடிந்து ஊர் திரும்புகையில், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் விமான நிலையத்தில் சற்று நேரம் இறங்கினார், அவ்வளவே. அவர் வராததால் ரசிகர்கள் அவர் ஊருக்குப் போகின்றனர். 1977-இல் அவர் காலமானார். அவருடைய கிரேஸ்லாந்து மாளிகை 1982 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. அதே நகரில் லொரைன் என்ற விடுதி இருக்கிறது. 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் அதன் மாடித் தாழ்வாரத்தில், 306-ஆம் எண் அறைக்கு முன்னால், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். 1991 முதல் அவ்விடுதி குடியுரிமைப் போராட்டக் காட்சிசாலையாக விளங்குகிறது. அந்த அறைக்கு வெளியே, கம்பி அழியில் ஒரு மலர்வளையம் தொங்குகிறது. கிரேஸ்லாந்துக்கென்று வந்தவர்களும் தெருவில் நின்று அதை அண்ணாந்து பார்க்கின்றனர்.