அளந்து பகிர்வோம்: குழாயில் நீர்மானி பொருத்தும் முறை

நூலை நிறுத்து வாங்குகிறோம்; துணியை அளந்து விற்கிறோம். ஆயினும் சாயப்பட்டறைக்கும் வயலுக்கும் வீட்டுக்கும் உயிராக விளங்கும் நீரை நம்மில் பெரும்பாலோர் அளப்பதில்லை. அளவறியாத பொருளைப் பங்கிடும்போதே பிணக்கு பிறக்கிறது.

சென்னை மாநகரின் தென்பகுதி இதற்குத் தக்க சான்று. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டன. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கின. அச்செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால், இருவர் வாழும் வீடும் எண்மர் வாழும் வீடும் ஒரே தொகை கொடுக்க நேரும். சிக்கனமாக இருப்பவருக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. வீடுதோறும் நீர்மானி வைப்பதே நேரிய வழி. ஆனால் பிழையாகப் பொருத்திய மானி, மானி இல்லாமையினும் தீது. பொய்க் கணக்கை மெய்யென்று நம்பச் செய்துவிடும்.

மானியின் உள்ளே சிறு சக்கரம் ஒன்று இருக்கிறது. ஓடும் நீர் அதைச் சுழற்ற, பற்சக்கரங்கள் சுற்றுகளை எண்ணி லிட்டர்க் கணக்காகக் காட்டுகின்றன. சக்கரத்தைச் சுழற்றுவது நீரா காற்றா என்பதை மானி அறியாது. சில மணி நேரமே நீர் வரும் குழாய்களில், நீருக்கு முன்னே காற்று விரைந்து வந்து சக்கரத்தைச் சுழற்றும். ஆகவே குழாய் எப்போதும் நிறைந்திருக்கும் தாழ்ந்த இடத்திலேயே மானியை வைத்தல் வேண்டும். மானியைக் கடந்த குழாயைச் சற்று மேலேற்றி, அதன் பின்னரே நிலத்தடித் தொட்டிக்குள் இறக்குவது நன்று.

வளைவையும் வால்வையும் கடந்தவுடன் நீர் சுழித்து ஓடும். அச்சுழல் அடங்குவதற்கு, மானிக்கு முன் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கும், பின் 5 மடங்கும் நேர்க்குழாய் விடுவது பொதுவான முறை. 15 மில்லிமீட்டர் குழாயாயின் முன்னே 15 சென்டிமீட்டர், பின்னே 7.5 சென்டிமீட்டர் போதும். குறிப்பிட்ட மானியைச் செய்தவர் வேறு அளவு கூறியிருப்பின் அதையே பின்பற்றுக.

புதுக் குழாயில் மண்ணும் உலோகத் துகளும் தங்கியிருக்கும். நீரை வேகமாக விட்டு முதலில் குழாயைக் கழுவுக. மானிக்கு முன் ஒரு வடிகட்டியும், இருபுறமும் வால்வுகளும் தேவை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் இரும்புத் துரு கலந்திருப்பின் வடிகட்டியை அடிக்கடி கழுவ வேண்டும். மானியின் மேலுள்ள அம்புக்குறி நீரோடும் திசையை நோக்க வேண்டும். சாதாரண வீட்டு மானியின் முகப்பு வானத்தைப் பார்க்க வேண்டும். வாஷர் குழாயின் உள்ளே நீட்டிக்கொண்டிருத்தல் ஆகாது. வால்வை மெல்லத் திறந்து காற்றை வெளியேற்றுக.

பழைய குடியிருப்புகளில் வேறொரு சிக்கல் உண்டு. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து சமையலறைகளுக்கு ஒரு குழாயும் குளியலறைகளுக்கு மற்றொன்றும் எல்லா மாடிகளுக்கும் பொதுவாக இறங்கும். அங்கே ஒவ்வொரு வீட்டின் ஒவ்வொரு கிளைக்கும் தனி மானி வேண்டியிருக்கும். தொட்டிக்கு அடுத்த மேல்மாடியில் நீரழுத்தம் குறைவு. மானியும் அதைச் சிறிது குறைக்கும். எனவே வாங்குவதற்கு முன் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று வாளி வைத்து அளந்து, அதற்கேற்ற மானியைத் தேர்க. சொட்டுச் சொட்டாய்க் கசியும் நீரைப் பல மானிகள் காட்டமாட்டா என்பதும் நினைவிருக்கட்டும்.

பொருத்திய பின் சோதனை எளிது. அளவு தெரிந்த 100 லிட்டர்ப் பீப்பாயை நிரப்புக. மானி 98க்கும் 102க்கும் இடையில் காட்டினால் நலமே.

சாயப்பட்டறைக்கும் மோட்டார் வைத்த தோட்டத்துக்கும் இம்முறைகள் பொருந்தும். சொட்டுநீர்ப் பாசனத்தில் வடிகட்டிக்குப் பின்னர் மானியை அமைக்க வேண்டும். நீரைப் பொதுவாகப் பெறுவோர், தலைக்குழாய் மானியின் கணக்கையும் கிளை மானிகளின் கூட்டுத்தொகையையும் மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேறுபாடு மிகுந்தால் எங்கோ கசிவு உண்டு, அல்லது மானி பழுது. அக்கணக்கை யாவரும் காண எழுதி வைத்தால் ஐயத்துக்கு இடமில்லை. ஐயம் நீங்கிய இடத்திலேயே கூட்டுறவு வளரும்.