இணையப் பக்கம் தாமதிப்பது ஏன்?

பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாள். சரவணைக் கிராமத்திலே ஒரு மாணவி கைத்தொலைபேசியும் கையுமாகக் காத்திருக்கின்றாள். வட்டம் சுழல்கின்றது, பக்கம் வரவில்லை. கூடுதற் பணங்கட்டிப் பெரிய இணைப்பு எடுத்தாற் குறை தீருமென வீட்டார் எண்ணுகின்றனர். ஆயின் தாமதத்துக்கு இணைப்பின் அளவு மட்டுமே காரணமன்று. வழியும் தூரமும் காரணமாதல் உண்டு.

முதலில் வழியைக் கவனிப்போம். நாம் தளத்தின் பெயரைத் தட்டுகின்றோம். கணினிகளோ ஒன்றையொன்று எண் முகவரியாலேயே அறியும். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருபவை ஆள்களப் பெயர்ச் சேவையகங்கள். இம்முறையை 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான போல் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். 2010இல் நம் நாட்டுக்கு '.இலங்கை' என்னும் தமிழ் ஈறும் கிடைத்தது. ஒருமுறை அறிந்த விடையைச் சேவையகம் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். ஆதலாற் பலர் நாடும் பெயருக்கு விடை விரைந்து வரும்.

இனித் தூரம். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். சரவணையிலிருந்து இலண்டன் நேர்கோட்டில் ஏறத்தாழ 8,500 கிலோமீற்றர். போய்வர 85 மில்லிசெக்கன் வேண்டும்; கடலடி வடங்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். பாதுகாப்பான பக்கமொன்றின் முதல் எழுத்து வருமுன்னரே இப்பயணம் மும்முறையேனும் நிகழ்வது வழக்கம். கொழும்புக்குப் போய்வரவோ சில மில்லிசெக்கன் போதும்.

நெடுந்தீவு மக்கள் சீனி வாங்க ஒவ்வொரு முறையும் கடல் கடப்பதில்லை. குறிகட்டுவானிற் படகேறி வந்த சரக்கு ஊர்க்கடையிலே இருக்கின்றது. உள்ளடக்க விநியோக வலையமைப்பு என்பதும் அத்தகையதே. தளத்தின் படங்களையும் பக்கங்களையும் பிரதிசெய்து, பல நகரங்களில் அது இருப்பில் வைக்கின்றது. மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனத்தைச் சார்ந்த தொம் லெய்ற்றன், டானியல் லூவின் என்போர் 1998இல் நிறுவிய அக்கமாய் இத்துறையின் முன்னோடி.

எந்தக் கடைக்குச் செல்வதென்று வழிகாட்டுவது பெரும்பாலும் பெயர்ச் சேவையகமே. நாம் தொலைநாட்டுப் பெயர்ச் சேவையகத்தை நாடினால், சிலவேளை அதற்கு அண்மையான கடைக்கே அனுப்பப்படுவோம். நமக்கு அது சேய்மையாகிவிடும்.

எல்லாவற்றையும் இவ்வாறு இருப்பில் வைத்தல் இயலாது. ஒவ்வொரு சுட்டெண்ணுக்குமுரிய பெறுபேற்றை மூலச் சேவையகமே தேடித் தரவேண்டும். எனினும் படங்களையும் அறிவித்தல்களையும் அருகிலுள்ள பிரதி வழங்கினால், மூலத்தின் சுமை குறையும். நெரிசல் நாளிலும் மாணவிக்கு விடை கிடைக்கும்.

ஆகவே பெரிய இணைப்புக்குப் பணங்கட்டுமுன் ஒன்று செய்க: வேறு தளங்களையும் திறந்து பார்க்க. அவை விரைந்து வந்தால் குறை நம் வீட்டதாக இராது. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து ஊர்த் தளம் நடத்தும் அன்பர்கள் படங்களைச் சிறிதாக்கி, நமக்கு அண்மையிலும் ஒரு பிரதி வைப்பாராயின், ஊரின் செய்தி ஊருக்கே தாமதமாக வரும் நிலை நீங்கும்.