584 மீட்டர் தள்ளிப் போயிருக்க வேண்டியது

மேல அவ்வளவு இடம் இருக்கே, ரெண்டு சாட்டிலைட் எப்படி மோதும்னு உங்களுக்கும் தோணியிருக்கும். மோதியிருக்கு. 2009 பிப்ரவரி 10, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கி.மீ. உயரத்தில். ஒன்று இரிடியம் 33, வேலை செய்துகொண்டிருந்த அமெரிக்கத் தொலைத்தொடர்பு சாட்டிலைட். இன்னொன்று ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251, செத்துப்போய்ப் பல வருஷமா சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

இதில் விஷயம் என்னன்னா, ரெண்டும் நெருங்கி வரும்னு முன்கூட்டியே கணக்கு இருந்தது. 584 மீட்டர் தள்ளித்தான் கடக்கும்னு அந்தக் கணக்கு சொன்னது. அன்றைய நெருக்கமான சந்திப்புகளின் பட்டியலில் இது முதலிடத்தில்கூட இல்லை.

அப்புறம் எப்படி? வேகத்தைப் பாருங்க. அந்த உயரத்தில் ஒரு சாட்டிலைட் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. ஓடும். 584-ஐ 7,500-ஆல் வகுத்தால் 0.08 விநாடி. கணக்கில் அந்த அளவு பிசகினாலே இடைவெளி காலி. பிசகாம இருக்குமா? ரேடார் எல்லா சாட்டிலைட்டையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவ்வப்போது பார்த்துவிட்டு, நடுவில் எங்கே இருக்கும்னு கணக்குப் போட்டுத்தான் நிரப்ப வேண்டும். சூரியன் கொஞ்சம் சீறினால் மேல் வளிமண்டலம் உப்பும், இழுவை கூடும், கணக்கு விலகும். ஆக ஒரு சாட்டிலைட்டை "இதோ இந்தப் புள்ளியில்" என்று சொல்ல முடியாது, "இந்தக் குமிழுக்குள் எங்கேயோ" என்றுதான் சொல்ல முடியும். நாம எக்ஸாமுக்கு மட்டும் படிச்சிட்டு மறக்கிற ஸ்டாண்டர்ட் டீவியேஷன்தான் அந்தக் குமிழ்!

சரி, இரிடியத்தை நகர்த்தியிருக்கலாமே? நகர்த்த எரிபொருள் வேணும், அது தீர்ந்தா சாட்டிலைட்டின் ஆயுளும் முடிஞ்சது. குமிழ் பெரிசா இருந்தா, நகர்ந்து போற இடமே மோதுற இடமாகவும் ஆகலாம். அதனால்தான் இப்போதெல்லாம் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மோதும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் நகர்த்துவது பல இடங்களில் வழக்கம். 2009-ல் மிஞ்சியது, ரேடாரில் தெரிகிற அளவிலேயே 2,000-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் குமிழ்.

எதிரில் வருவது செத்த சாட்டிலைட் என்றால், யார் நகரணும்னு சந்தேகமாவது இல்லை. ரெண்டும் உயிரோட இருந்தா? 2019 செப்டம்பரில் ஐரோப்பாவின் ஏயோலஸும் ஸ்டார்லிங்க் 44-ம் நெருங்கின. மோதும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டியது. யார் வழிவிடணும்னு அங்கே எந்தச் சாலை விதியும் கிடையாது. பேச்சுவார்த்தை நடந்தது ஈமெயிலில். ஸ்பேஸ்எக்ஸின் எச்சரிக்கை சிஸ்டத்தில் ஒரு பக் இருந்ததால், பின்னால் வந்த தகவல் அவர்களின் பொறுப்பாளர் கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஏயோலஸ்தான் மேலே ஏறி ஒதுங்கியது.

நம்ம ஊர்க் கதையும் ஒண்ணு உண்டு. 2023 ஜூலை 14, சந்திரயான்-3 ஏவுதல். போகிற வழியில் விண்வெளிக் குப்பையோடு மோதிவிடாமல் இருக்க, இஸ்ரோ ராக்கெட்டை 4 விநாடி தாமதமாகக் கிளப்பியது. டிவியில் பார்த்த நம்மில் யாரும் அதைக் கவனிச்சிருக்க மாட்டோம். ஆனா 7.5 கி.மீ. வேகத்தில் அந்த 4 விநாடி, 30 கி.மீ.