தடை போட்டது யார், தம்பி?

கோண்டாவிலில் பதினோராம் ஆண்டு படிக்கும் பொடியன் ஒருவனின் கேம் ஐடி ஓர் இரவில் முடங்கிப்போனது. கைவிசேடக் காசு முழுக்கப் போட்டு வாங்கிய டயமண்ட், ஸ்கின் எல்லாம் அதோடு போயின. திரையில் வந்தது விதியை மீறிவிட்டாய் என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி. "சாட்டில தமிழில பகிடி விட்டனான் அண்ணை. அதுக்கோ எண்டும் தெரியேல்லை" என்கிறான். ஓ.எல். நெருங்குவதால் தாய்க்கு உள்ளூரச் சந்தோஷம்.

இணைய விளையாட்டு உலகங்களில் குடிகளே சட்டம் செய்து பார்த்ததும் உண்டு. 1990இல் அமெரிக்காவில் தொடங்கிய லாம்ப்டாமூ என்ற இணைய உலகம், வெறும் எழுத்தால் ஆனது. 1993இல் அங்கே நடந்த பாலியல் அத்துமீறலுக்குப் பிறகு மனுவும் வாக்கெடுப்பும் வந்தன. 1996இல் நிர்வாகிகள் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஈவ் ஆன்லைன் விளையாட்டில் 2008 முதல் ஆட்டக்காரர் தெரிவுசெய்யும் மன்றம் உண்டு. ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். மற்றப் பெரும்பாலான இடங்களில் 'சம்மதம்' என்ற பொத்தானோடு எல்லாம் முடிந்தது.

1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைத் தொகுத்த ஒல்லாந்தர்கூட அதைத் தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரிதானா என்று கேட்டார்கள். (சாதாரண சனத்தைக் கேட்கவில்லை என்பது வேறு கதை.)

என் பயமெல்லாம் மொழியைப் பற்றித்தான். யாழ்ப்பாணப் பேச்சில் "கொல்லுவன் உன்னை" என்பது பாதி நேரம் செல்லம். சுட்டு விளையாடும் இடத்தில் அதைச் சொல்லாமல் எப்படி? அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது தமிழ் தெரிந்த ஆளா, இயந்திரமா?

கோண்டாவில் பொடியனின் ஸ்குவாட்டிலேயே பாரிஸிலிருந்து விளையாடும் மச்சான்காரனின் நிலை வேறு. பதிவை விதிமீறல் என்று தடுத்தால் காரணத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்கிறது ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைச் சட்டம். 2024 பெப்ரவரியிலிருந்து அது முழுமையாக நடைமுறையில் உள்ளது. அதே மாதம் இங்கே இலங்கையில் அமுலுக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, யார் என்ன சொல்லக்கூடாது என்பதிலேயே குறியாக இருக்கிறது.

கோடிக்கணக்கானோர் விளையாடும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் விசாரணை வைக்க முடியுமா என்று நிறுவனங்கள் கேட்கின்றன. காசு வாங்கும்போது ஒவ்வொருவரையும் தெரிகிறதே!

தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. இங்கே காசு வாங்கும் எந்த விளையாட்டும் தடைக்கான காரணத்தைத் தமிழில் எழுதித் தரவும், மேன்முறையீட்டை ஒரு மனிதரே கேட்கவும் சட்டத்தில் இரண்டு வரி சேருங்கள். வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்கட்டும்.