திரையில் ஒரு கேள்வி, அறையில் ஒரு செவி

தீராத தலைவலி, உறக்கமின்மை, "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லப்படும் காயம். பெண்களின் இத்தகைய குறைகளுக்குப் பின்னால் சில வேளைகளில் வீட்டு வன்முறை மறைந்திருக்கும். பட்டாசுத் தொழில் சூழ்ந்த சிவகாசி, சாத்தூர், விருதுநகர்ப் பகுதிகளில் தீப்புண் என்றதும் ஆலை விபத்தே முதலில் நினைவுக்கு வரும். வீட்டில் நேர்ந்ததா என்று கேட்க மறந்துவிடவும் கூடும்.

தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாக 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. ஆயினும் மருத்துவர் கேட்டாலும் பலர் வாய் திறப்பதில்லை. அச்சமும் குடும்ப மானமும் தடுக்கின்றன.

மனிதரிடம் சொல்லத் தயங்குவதைக் கணினியிடம் சொல்ல இயலுமா? கனடாவின் டொராண்டோ நகரில் 293 பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர், மருத்துவரைக் காணும் முன், உடல்நலக் கேள்விகளோடு துணைவரின் வன்முறை பற்றிய கேள்விகளுக்கும் கணினியில் தாமே விடையளித்தனர். விடைகளின் சுருக்கம் மருத்துவரிடம் சேர்ந்தது. வழக்கமான முறையில் 9 விழுக்காட்டினரிடம் கண்டறியப்பட்ட வன்முறை, கணினி முறையில் 18 விழுக்காட்டினரிடம் கண்டறியப்பட்டது.

ஆனால் கண்டறிவது மட்டும் போதாது. சிகாகோ பகுதியில் 2,700க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து, 2012இல் வெளியான ஆய்வில், கணினியில் கேட்டு உதவி மையங்களின் பட்டியலை மட்டும் கொடுத்தபோது, ஓராண்டுக்குப் பின்னும் அவர்களின் நலத்தில் மாற்றம் காணப்படவில்லை. கணினி கதவைத் திறக்கலாம். கைப்பிடித்து அழைத்துச் செல்ல மனிதர் வேண்டும்.

கணினி இல்லாத இடத்திலும் இதே நெறி பொருந்தும். உடன் வருவோரே, நோயாளியுடன் தனியே பேச வேண்டும் என்று மருத்துவர் கேட்டால், வருந்தாமல் சிறிது நேரம் வெளியே காத்திருங்கள். அது எவர் மீதும் பழி சுமத்துவதன்று. நோயாளியான சகோதரியே, அந்தச் சில நிமிடங்கள் உங்களுடையவை. சொல்வதும் சொல்லாதிருப்பதும் உங்கள் விருப்பம். இன்று இயலாவிட்டால் அடுத்த முறை சொல்லலாம்.

பெண்களுக்கான இலவச உதவி எண் 181 எந்நேரமும் இயங்குகிறது. உங்கள் கைபேசியைப் பிறர் பார்ப்பார்கள் என்றால், அழைத்தபின் அந்த எண்ணை அழித்துவிடுங்கள், அல்லது நம்பகமான ஒருவரின் கைபேசியிலிருந்து பேசுங்கள். மருத்துவம், சட்ட உதவி, மனநல ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றுக்குச் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் துணைநிற்கும். வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005இன்படி மாவட்டப் பாதுகாப்பு அலுவலரையும் அணுகலாம்.

காயத்துக்கு மருந்திடுவது போலவே, காயம் நேர்ந்த விதத்தைக் கேட்பதும் மருத்துவமே.